கொழுமுனைப் பலா

போன மாதம் எங்கள் பழைய சிற்பப் பட்டறைக்குப் புதிதாக ஒரு வெட்டும் இயந்திரம் வந்தது. கணினியில் கோடு போட்டுக் கொடுத்தால் போதும், தகட்டை அது தானே வெட்டிக்கொள்ளும். திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஓய்வுபெற்றவனை உட்காரவைத்தால் மட்டும் போதும். அவர்கள் பேசவும் சொன்னார்கள். கடைசியில் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து, "நீங்க வெட்டினதிலேயே கஷ்டமான வெட்டு எது சார்?" என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் சரியான பதில் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் சந்தவாசல்காரன். பெயர் தாமோதரன், எல்லோருக்கும் தாமு. கலசப்பாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டேன். டிராக்டர் பெட்டி, மாட்டுவண்டி அச்சு, பம்புசெட் குழாய் என்று எது உடைந்து வந்தாலும் ஒட்டினேன். எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு சிற்பக் கூடத்தில் வெல்டர் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பினார். சிற்பம் என்றதும் கல்லும் உளியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே போய்ப் பார்த்தால் காயலான் கடை. சைக்கிள் செயின், தையல் இயந்திரத்தின் கால், ஓட்டைப் பால்கேன், உடைந்த இஸ்திரிப் பெட்டி. நடுவில் காலில் ரப்பர் செருப்போடு ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் மாஸ்டர். ஓய்வு பெறும்வரை அவரிடம்தான் இருந்தேன்.

முதல் நாள் என் கையில் இரண்டு இரும்புக் கரண்டிகளைக் கொடுத்தார். "ரெண்டையும் ஒட்டு. ஒட்டின பிறகு ரெண்டும் கரண்டியா இருக்கக் கூடாது" என்றார். முதுகோடு முதுகாக ஒட்டிக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் குழம்பு ஊத்தலாம்" என்று திருப்பிக் கொடுத்தார். பிரித்து வேறு மாதிரி ஒட்டினேன். "இதுல ரசம் ஊத்தலாம்" என்றார். அன்று முழுவதும் எனக்கு அதுதான் வேலை. சாயங்காலம் கடுப்பில் கைப்பிடியை வளைத்து ஒன்றின் குழிக்குள் இன்னொன்றைக் கவிழ்த்து ஒட்டிக் கொண்டுபோனேன். "ம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்பது தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்தக் கரண்டிகளோடு இன்னும் பல கரண்டிகள் சேர்ந்து பிறகு ஆளுயர வாழைப்பூவாக நின்றன.

அவருடைய முறை இதுதான். எந்தப் பொருள் வந்தாலும் முதலில் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவார். காலையில் உள்ளே வந்ததும் அதைக் காட்டி, "என்ன இது?" என்று என்னைக் கேட்பார். "அரிவாள்மணை" என்று சொன்னால், "இன்னும் தொங்கட்டும்" என்பார். மறுநாளும் அதே கேள்வி. எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒருநாள் பதில் சொல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அது என்னவாகவும் இருக்கலாம் போல இருந்தது. அன்றைக்குத்தான் "இறக்கு" என்றார்.

வெட்டுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சாக்கட்டியை என் கையில் கொடுப்பார். கோட்டை நான்தான் போட வேண்டும். போட்டு முடித்ததும், "வெட்டலாமா?" என்று கேட்பார். "வெட்டலாம்" என்று நான் வாய்திறந்து சொன்னால்தான் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கலாம். ஒட்டியதைப் பிரிக்கலாம், வெட்டியது வெட்டியதுதான் என்பது அவர் எண்ணம். வெட்டு கெட்டுப்போனாலும் திட்ட மாட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்துதானே சொன்னோம்" என்பார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு அலுவலகத்தின் வரவேற்பறைக்குக் குடைக்கம்பிகளால் ஒரு பனைமரம் செய்து வைத்தோம். மழைக்காலத்தில் அங்கிருந்த பியூன் தன் ஈரக்குடையைக் கொண்டுவந்து அந்தப் பனையில் மாட்டிவிட்டார். மேலதிகாரி பதறிப்போய் மாஸ்டருக்கு ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டார். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த மட்டையில மாட்டினாரு?" என்றார். காட்டினார்கள். அந்த மட்டையை இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். பெரியவர்களுக்கு இப்படிச் சில கோணல்கள் இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் ஒரு பெரிய கண்காட்சிக்கு மாஸ்டரின் வேலை ஒன்றைக் கேட்டார்கள். அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். அதுவரை அவருடைய எந்த வேலையும் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் கடிதம் வந்த அன்று டீக்குச் சர்க்கரை போட மறந்து அப்படியே குடித்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் உத்தரத்தில் ஒரு கொழு தொங்கிக்கொண்டிருந்தது. கலப்பையின் அடியில் மண்ணைக் கிழிக்கும் இரும்புக் கம்பிதான் கொழு. ஜவ்வாது மலையில் மண்ணைவிடக் கல் அதிகம். அதனால் அங்கே கொழு சீக்கிரம் தேய்ந்து, சாண் நீளத்துக்கு வந்ததும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். ஊருக்குப் போனபோது நான் கொண்டுவந்து காட்டியது அது. மாஸ்டர் ஒருநாள் அதை இறக்கச் சொல்லி முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நிறைய வேணும்" என்றார்.

இப்படித்தான் மாசி மாதம் அந்த மலையில் புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சிற்றூரில் புளி அடைத்து வைக்கும் காலிக் கொட்டகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தங்கினோம். பழைய கொழுவைக் கொடுத்தால் புதுக் கொழு தருவோம் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்லிவிட்டோம். சனங்கள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போனார்கள். மின்சாரம் கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டர் ஜீப்பில் மேலே வரும். கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு நானே கேஸ் உண்டாக்கினேன். கொட்டகைக்குள் புளிவாடை போய் அந்தக் கேஸின் பூண்டு வாடை வந்தது.

வந்த கொழுக்களை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் துருவை உதிர்த்தேன். கோணலாக இருந்ததைப் பட்டடையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். சூட்டோடு எண்ணெய் தடவினால் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாக்களை வளைத்து ஒரு கூடு கட்டி, நடுவே நீளவாட்டில் ஒரு குழாயைச் செலுத்தினேன். அது பிறகு பீடத்தில் மாட்டுவதற்காக. கொழுக்களின் தலை உள்ளே, முனை வெளியே இருக்கும்படி வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தேன். தலையெல்லாம் உருகி ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். வைகாசி முடிவதற்குள் என் நெஞ்சு உயரத்துக்கு, நீள்வாட்டில் படுத்தபடி ஒன்று உருவானது. ஜீப் ஓட்டுகிறவர் அதை முள்ளம்பன்றி என்றார். ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்ததும், "பலாப்பழம்" என்றார்கள். மாஸ்டர் இரண்டுக்கும் தலையாட்டினார்.

லாரி வந்து கொட்டகை வாசலில் நின்றது. முந்தின நாள்தான் முதல் மழை நன்றாகப் பெய்திருந்தது. காலையில் ஏற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது ஊர்க்கவுண்டர் வந்தார். அந்த ஊரின் தலைவர் அவர்தான். அவருக்குப் பின்னால் ஊரில் பாதி. எல்லோருக்கும் பின்னால், தள்ளி, அவர் மருமகள் சின்னபாப்பா.

"இன்னாங்க, ஏத்தப் போறீங்களா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஆமாங்க" என்றேன்.

"ஏத்தக் கூடாதுங்க. எங்க மொதக் கொழு இதுக்குள்ள போயிட்டுது."

அவர் சொன்ன விவரம் இது. மழை விழுந்ததும் காளி கோயில் நிலத்தில் முதல் உழவுக்கோடான சால் ஊர்க்கவுண்டர் வீட்டு ஏரால்தான் விழ வேண்டும். அதுவும் அந்த வீட்டிலேயே பழமையான கொழுவை மாட்டி ஓட்ட வேண்டும். அதைத்தான் மொதக் கொழு என்கிறார்கள். தேய்ந்து குட்டையாகிப்போனது, வருடம் முழுவதும் துணியில் சுற்றிக் கூரையில் செருகியிருக்கும். அது மண்ணில் இறங்காமல் ஊரில் ஒருவரும் ஏர் பூட்ட மாட்டார்கள், சாமை விதைக்க மாட்டார்கள். மழை பெய்ததும் கூரையில் கைவிட்டுப் பார்த்திருக்கிறார். இல்லை.

சின்னபாப்பா தை மாதம்தான் கல்யாணமாகி வந்தவள். புருஷன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க ஊர்ல மொத ஏருக்குப் புதுக் கொழுதாண்ணா போடுவாங்க. கூர மாத்தறப்போ துருப்புடிச்சதா ஒண்ணு வுழுந்துது. மாமா மொத ஏரு ஓட்டறவராச்சே, புதுசு இருந்தா நல்லாருக்குமேன்னுதான் குடுத்து மாத்தினேன். கெட்டதுன்னு நெனச்சு செய்யல."

மலையின் அந்தப் பக்கத்து ஊருக்கும் இந்தப் பக்கத்து ஊருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே மரியாதை, இங்கே பாவம்.

ஊர்க்கவுண்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. "அவகிட்ட எனக்குப் பேச்சு இல்லீங்க" என்று என்னிடம் சொன்னார். நேற்றிலிருந்து அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என் காதில் போட்டார். கொழு கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். போனால் திரும்பி வருவது கஷ்டம். எனக்கு ஊர்க்கவுண்டர் மேல் கோபமாக வந்தது. துருப்பிடித்த துண்டு இரும்புக்காக ஒரு பெண்ணை இப்படிப் படுத்தலாமா என்று. அதே துண்டு இரும்பைத்தான் நாங்கள் லாரி வைத்து டெல்லிக்கு அனுப்பப் பார்க்கிறோம் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது.

மாஸ்டர், "அடையாளம் இருக்கா?" என்று கேட்டார்.

"தலப் பக்கம் கொல்லன் போட்ட ரெண்டு வெட்டு இருக்கும். இடப்பக்கமா கொஞ்சம் கோணியிருக்கும்."

கோணலையெல்லாம் நான் நிமிர்த்திவிட்டேன். தலையெல்லாம் உள்ளே. சின்னபாப்பா இரண்டு முறை சுற்றிவந்து, குட்டையாக இருந்த ஒன்றைத் தொட்டு, "இதாண்ணா இருக்கும் போல" என்றாள். அவளுக்கே நம்பிக்கையில்லை. மாஸ்டர் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கோடு போட்டேன்.

"வெட்டலாமா?"

"வெட்டலாம்" என்றேன். சிலிண்டரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருந்தது. டார்ச்சைப் பற்றவைத்து, பக்கத்துக் கொழுக்களில் படாமல், உள்பக்கமாக முனையைச் சாய்த்து வெட்டினேன். கொழு தனியே வந்தது. ஆறவைத்துத் தலையைச் சுத்தியலால் கொத்திப் பார்த்தேன். உருகி வழிந்த இரும்பு கட்டிதட்டியிருந்தது. கொல்லன் போட்ட வெட்டு இருந்திருந்தாலும் அதில் தெரியாது. எல்லாக் கொழுவின் தலையும் இப்படித்தான் இருக்கும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"எல்லாத்தையும் வெட்டினாலும் கண்டுபிடிக்க முடியாதுங்க" என்று சொன்னேன்.

மாஸ்டர் அந்தக் கொழுவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஊர்க்கவுண்டரிடம், "மொத்தத்தையும் பிரிச்சுக் கொடுத்துடறேன். கீழேயிருந்து சிலிண்டர் வரவழைக்கிறேன். எடுத்துட்டுப் போங்க" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக டெல்லிக்குப் போகவிருந்த வேலை அது. அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"மூட்டையா குடுத்தா நான் எதப் போட்டு ஓட்டறது?" என்றார் ஊர்க்கவுண்டர். "தல இல்லாத கொழு கலப்பைல நிக்காது. சிலிண்டரு வர்றதுக்குள்ள ஈரமும் போய்டும்."

அது நியாயம்தான். ஆனாலும் மாஸ்டர் மறுபடி சாக்கட்டியை நீட்டினார். நான் வாங்கவில்லை. திறப்பு விழாவில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த வெட்டாத வெட்டுதான். வாங்கியிருந்தால் கோடு போட்டிருப்பேன், அவர் கேட்டிருப்பார், நானும் பழக்கதோஷத்தில் "வெட்டலாம்" என்றிருப்பேன்.

அந்த இடைவெளியில்தான் சின்னபாப்பா பேசினாள். மாமனாரிடம் பேச முடியாது என்பதால் என்னிடம் பேசினாள். "அண்ணா, எதுன்னு தெரியல, ஆனா இதுக்குள்ளதானே இருக்குது? இதையே இழுத்துட்டுப் போய் ஓட்டினா இன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. ஊர்க்கவுண்டர் சிற்பத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். முனை ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு அவரும் என்னிடமே கேட்டார்.

"இது மண்ணுல எறங்குமா?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர், "எறங்கும். கொழுதானே" என்றார்.

"அப்ப ஒண்ணு" என்றார் ஊர்க்கவுண்டர். "எது மொதக் கொழுன்னு தெரியாது. அதனால இதுல இருக்கற ஒவ்வொரு கொழுவும் சால் கிழிக்கணும். ஒண்ணு வுட்டுப்போனாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"வெட்டினதுங்கூட அதுவா இருக்கலாம் அண்ணா" என்றாள் சின்னபாப்பா. மிச்சமிருந்த ஆக்சிஜனில் அதைப் பழைய இடத்திலேயே ஒட்டினேன். அதோடு சிலிண்டர் காலி.

எல்லோருமாகத் தள்ளிக் காளி கோயில் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தி, நடுக்குழாயில் ஒரு நீளக் கடப்பாரையைச் செருகி, இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டி, இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டினோம். முதலில் இழுத்ததும் பலா உருண்டது. மண்ணில் குத்துக் குத்தாகப் பள்ளம் விழுந்தது. "இது குத்துது, கிழிக்கல" என்று ஊர்க்கவுண்டர் கைகாட்டி நிறுத்திவிட்டார். குழாய்க்கும் கடப்பாரைக்கும் நடுவே மர ஆப்பு அடித்து உருளாமல் செய்தேன். இப்போது அடியில் இருந்த வரிசை மட்டும் மண்ணில் இறங்கி, சால் சாலாகக் கிழித்துக்கொண்டு போனது. அந்த ஓரம் போனதும் ஆப்பைத் தட்டி எடுத்து, ஒரு வரிசை திருப்பி, மறுபடி ஆப்பு. திரும்பி வரும்போது அடுத்த வரிசை. ஓட்டி முடித்த கொழுவின் முனைகள் கறுப்பு போய்ப் பளபளத்தன. எது முடிந்தது, எது பாக்கி என்று பார்க்க வேறு கணக்கு தேவைப்படவில்லை. ஊர்ச் சனம் விதைக் கூடையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தது. மாடுகளை அடிக்கடி மாற்றினார்கள். மாஸ்டர் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பலாவுக்குப் பின்னாலேயே நடந்தார்.

மதியம் தாண்டியபோது நடுவில் இருந்தவை எல்லாம் பளபளத்தன. ஆனால் காம்புப் பக்கமும் நுனிப் பக்கமும் கறுப்பாகவே இருந்தன. பலா ஓரங்களில் ஒடுங்குகிறது அல்லவா? அங்கே உள்ள முனைகள் தரையைத் தொடவே இல்லை. ஊர்க்கவுண்டர் அந்தக் கறுப்பு முனைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னபாப்பா யாரையும் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஒரு பக்கத்து மூங்கிலில் வயிற்றை வைத்துத் தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். பலா அந்தப் பக்கம் சாய்ந்தது. காம்பு முனைகள் மண்ணில் இறங்கின. மாடுகள் நகர, அவளும் மூங்கிலில் தொங்கியபடியே அந்த ஓரம்வரை போனாள். ஆப்பைத் தட்டித் திருப்பினேன். மறுபடி தொங்கினாள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். நடுவில் ஒருமுறை கைநழுவி விழுந்து, எழுந்து, மறுபடி பிடித்துக்கொண்டாள். மேலெல்லாம் சேறு.

வெயில் தாழ்ந்தபோது பலா முழுவதும் வெள்ளிபோல இருந்தது. ஊர்க்கவுண்டர் குனிந்து, கையால் தடவித் தடவி ஒவ்வொரு முனையாகப் பார்த்துக்கொண்டே சுற்றிவந்தார். என் ஒட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று நானும் பின்னாலேயே பார்த்தேன். விடவில்லை. முழுச்சுற்று முடிந்ததும் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"அடுத்த வருசமும் மொத ஏருக்கு இதுதானேங்க வேணும்?" என்று மாஸ்டரைக் கேட்டார். கேள்விபோல இருந்தாலும் அது கேள்வியில்லை.

ஊர்க்கவுண்டர் வரப்பில் போய் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிலத்தின் அந்த ஓரத்தில், மூங்கிலைப் பிடித்தபடி மூச்சுவாங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி, "ஏம்மா, தண்ணி கொண்டா" என்றார்.

அவள் ஓடினாள். சேற்றுக் கையோடு சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி அண்ணாந்து குடித்தார். முழுவதையும் குடித்தார். வரப்பில் இருந்தவர்கள் விதைக் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

மாஸ்டர் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார்.

"தாமு, லாரியைக் காலியாவே போகச் சொல்லிடு" என்றார்.

போய்ச் சொன்னேன்.